மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையும் ஊராட்சியின் கடமையும்

கிராம அபிவிருத்தி என்றவுடன் பாதையும் பாலமும், குடிநீர்க் குழாயும் பள்ளிக் கட்டடமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும், ஓர் ஊரின் செல்வம் அவ்வூர் மக்களின் உடல்நலத்தில் அடங்கியிருக்கிறது என்பதையும், அதனைக் காப்பதில் ஊராட்சிக்கும் பங்கு உண்டு என்பதையும் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். நீலகிரி மாவட்டத்தைப் பொறுத்தவரை இம்மறதி பெருங்கேட்டை விளைவிக்கும். இம்மலையின் வாழ்வு பெரும்பாலும் பெண்களின் கைகளால் நடைபெறுகிறது. தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போரில் மிகுதியானோர் பெண்களே. சிறு விவசாயியின் அரை ஏக்கர் தேயிலையிலும், உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் விளையும் சரிவு நிலங்களிலும், மாட்டுக் கொட்டிலிலும் விடியற்காலை முதல் அந்திவரை உழைப்பவரும் அவர்களே.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் இன்று முதலிடத்தில் நிற்பது மார்பகப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98,000 பேர் இதனால் மாண்டதாகவும் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம் மதிப்பிட்டுள்ளது. செல்வம் மிக்க நாடுகளில் இந்நோய் கண்டவருள் 100க்கு 90 பேருக்கு மேல் ஐந்தாண்டுகள் கடந்தும் வாழ்கின்றனர். நம் நாட்டிலோ அவ்வாறு வாழ்வோர் 100க்கு 66 பேரே. நோய் இரண்டிடத்தும் ஒன்றுதான். இங்கே அது காலந்தாழ்ந்து கண்டறியப்படுவதும், தொடங்கிய சிகிச்சை பலருக்கு முற்றுப்பெறாமற் போவதுமே இவ்வேறுபாட்டிற்குப் பெருங்காரணங்கள். ஆதலின் இந்நோயைப் பற்றியும், அதனை முன்னரே அறியும் பரிசோதனையைப் பற்றியும், அதில் ஊராட்சியினர் ஆற்றவேண்டிய பணியைப் பற்றியும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

நோயின் இயல்பு

தேயிலை பயிரிடுவோர் யாவரும் கொப்புள நோயை அறிவர். 1946ஆம் ஆண்டு தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் முதன்முதல் தோன்றிய அந்நோய், இளங்கொழுந்தின்மேல் சிறு புள்ளியாகவே தொடங்குகிறது. மழைக்காலத்தில் ஒவ்வொரு பறிப்புச் சுற்றிலும் கொழுந்தை உற்றுநோக்கும் விவசாயி அதனைப் புள்ளியாக இருக்கும்போதே கண்டு மருந்தடித்துவிடுகிறார். பார்க்கத் தவறியவர் அச்சுற்றின் விளைச்சலை இழக்கிறார். மார்பகப் புற்றுநோயும் இவ்வாறே சிறிய அளவில் தொடங்குகிறது. மார்பகத்தின் உள்ளே ஒரு சில உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிச் சிறு கட்டியாகின்றன. அந்நிலையில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. வலி இல்லாமையே இந்நோயின் பேராபத்து. "வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடும் பெண், நோய் அக்குளுக்கும், பிறகு எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகிய உறுப்புகளுக்கும் பரவிய பின்னரே மருத்துவரிடம் வருகிறார்.

கவனிக்கவேண்டிய அறிகுறிகள் இவை: மார்பகத்திலோ அக்குளிலோ புதிதாகத் தட்டுப்படும் கட்டி, மார்பகத்தின் அளவிலோ வடிவிலோ புதிய மாறுதல், தோல் குழிதல் அல்லது ஆரஞ்சுப் பழத் தோல்போல் ஆதல், காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிதல், காம்பைச் சுற்றி ஆறாத புண். இவற்றுள் ஒன்றைக் கண்டால் தாமதியாது மருத்துவரை நாடவேண்டும். ஆனால் கட்டி என்றாலே புற்றுநோய் என்று கலங்கவேண்டியதில்லை. மார்பகக் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. எது தீங்கற்றது, எது தீங்கானது என்பதை மருத்துவப் பரிசோதனையே கூறவல்லது. கைவைத்தியமோ அண்டைவீட்டார் அனுபவமோ கூறாது.

வயது ஏறுதல், தாய் அல்லது உடன்பிறந்தாளுக்கு இந்நோய் வந்திருத்தல், முதற்குழந்தையை மிகத் தாமதமாகப் பெறுதல் அல்லது பெறாதிருத்தல், தாய்ப்பால் ஊட்டாதிருத்தல், உடற்பருமன், மதுப்பழக்கம் ஆகியவை நோய் வரும் வாய்ப்பை மிகுவிக்கின்றன. எனினும் இவற்றுள் எதுவும் இல்லாத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. ஆகையால், "எனக்கு நான்கு பிள்ளைகள், எல்லோருக்கும் பால் கொடுத்தேன், எனக்கு எதற்குப் பரிசோதனை?" என்று இருந்துவிடலாகாது. இது தொற்றுநோயன்று, நோயுற்றவருடன் உண்பதாலோ, அவர் துணியைத் துவைப்பதாலோ பரவாது. முற்பிறவிப் பாவமும் தெய்வக் குற்றமும் இதற்குக் காரணமல்ல. ஊசியிட்டுச் சதை எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்திற்கும் ஆதாரமில்லை. அரிதாக ஆடவருக்கும் இந்நோய் வருவதுண்டு.

பரிசோதனை என்பது யாது?

நோயின் அறிகுறி ஏதும் இல்லாத பெண்ணைக் குறித்த காலத்தில் சோதித்துப் பார்ப்பதே இங்குப் பரிசோதனை எனப்படுகிறது. செல்வ நாடுகளில் மாமோகிராம் என்னும் எக்ஸ்ரே கருவியால் இதனைச் செய்கின்றனர். அக்கருவியும் அதன் படத்தைப் படித்தறியும் நிபுணரும் எல்லா ஊர்களிலும் இருத்தல் இயலாது. ஆகவே நம் நாட்டில் 30 வயது நிரம்பிய பெண்களுக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளரோ மருத்துவரோ கையால் மார்பகத்தையும் அக்குளையும் தடவிச் சோதிக்கும் முறை மேற்கொள்ளப்படுகிறது. 2016ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த நெறிமுறைப்படி இதனை ஐந்தாண்டுக்கொருமுறையேனும் செய்துகொள்ளவேண்டும். இதற்கு ஊசியில்லை, மருந்தில்லை, செலவுமில்லை; சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவ்வேளையிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப்படுகின்றன. வாய், கருப்பைவாய் ஆகியவற்றின் புற்றுநோய்ப் பரிசோதனைகளும் இத்திட்டத்தைச் சேர்ந்தவையே.

"கையால் தடவிப் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடப் போகிறது?" என்று ஐயுறுவோர் உளர். அவர்களுக்கு மும்பையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைக் கூறுவோம். 1998ஆம் ஆண்டு டாட்டா நினைவு மருத்துவமனையினர் அந்நகரின் சேரிப் பகுதிகளில் வாழ்ந்த 35 முதல் 64 வயதுக்குட்பட்ட 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு ஈராண்டுக்கொருமுறை கையால் பரிசோதனை செய்யப்பட்டது. செய்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பெண் பணியாளர்களே. 20 ஆண்டு முடிவுகள் 2021இல் வெளியாயின. பரிசோதனை பெறாத பிரிவில் நோய் கண்டவருள் 100க்கு 47 பேர் முற்றிய நிலையில் இருந்தனர்; பரிசோதனை பெற்ற பிரிவில் அத்தகையோர் 37 பேரே. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது. 50 வயதுக்குக் கீழ்ப்பட்டோரிடம் மரணம் குறைந்ததாக அவ்வாராய்ச்சியில் காணப்படவில்லை என்பதையும் மறையாது கூறவேண்டும். ஆயினும் அவர்களிடமும் நோய் முற்றுமுன்னரே அறியப்பட்டது. எனவே 50 வயதைத் தாண்டிய தாய்மாரை "வயதாகிவிட்டது, இனி என்ன" என்று விட்டுவிடாமல், முதலில் அழைத்துவர வேண்டியவர் அவர்களே என்று உணர்தல் வேண்டும்.

மற்றொரு படிப்பினையும் உண்டு. சீனத்தின் ஷாங்காய் நகரில் நெசவாலைகளில் பணிபுரிந்த ஏறத்தாழ 2,66,000 பெண்களைக்கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. அவர்களுள் ஒரு பாதியினருக்குத் தம் மார்பகத்தைத் தாமே சோதித்துக்கொள்ளக் கற்பித்தனர். 2002இல் வெளியான முடிவின்படி, அதனால் மட்டும் மரணம் குறையவில்லை. தன் உடலைத் தான் அறிந்திருப்பதும் மாறுதல் கண்டவுடன் வருவதும் நல்லதே. ஆனால் துண்டுப் பிரசுரம் வழங்கிவிட்டோம், இனிப் பெண்கள் தாமே பார்த்துக்கொள்வர் என்று நாம் ஓய்ந்திருத்தல் தகாது.

நம் மாநிலத்தின் ஏற்பாடுகள்

இத்துறையில் தமிழகம் முன்னோடியாக விளங்கிய மாநிலம். புதுக்கோட்டையில் பிறந்து, சென்னைச் சட்டமன்றத்தின் முதற் பெண் உறுப்பினராகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரம் அவரைச் செயலில் ஊக்கியது. அவரது முயற்சியால் 1952இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளுடன் தொடங்கியது. பின்னர் டாக்டர் சாந்தா அவர்கள் தம் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே பணிக்கு அளித்தார்.

இன்று சிகிச்சைக்கான வழி அந்நாளினும் பன்மடங்கு விரிந்துள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இல்லந்தோறும் வருகின்றனர். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரும் உள்ளனர். 2025 ஏப்ரலில் உதகையில் 700 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பெற்றது. கதிர்வீச்சு முதலிய மேல்சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது.

இத்தனை இருந்தும் பயன்படுத்திக்கொண்டவர் எத்தனை பேர்? 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் எப்பொழுதேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர் 100க்கு 6 பேர்கூட இல்லை. அகில இந்தியாவில் 100க்கு ஒருவர்கூட இல்லை. கிணறு வெட்டியாயிற்று, நீர் மொள்ள வருவோர் இல்லை. இதன் காரணத்தை ஆராய்வது நம் கடமையாகும்.

நாம் கண்ட தவறுகள்

நாம் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் மகளிர்க்கென ஒரு பரிசோதனை முகாம் ஏற்பாடாயிற்று. பள்ளி மைதானத்தில் பந்தலிட்டோம். முதல்நாள் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, "மார்பகப் புற்றுநோய் முகாம், பெண்கள் அனைவரும் வருக" என்று ஹட்டிதோறும், லைன் வீடுகள்தோறும் அறிவித்தோம். முகாம் நாளில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. மாலையில் கொழுந்து எடைபோடும் இடத்திற்குச் சென்று, அங்கிருந்த முதிய தாயார் ஒருவரை வினவினோம். அவர் சொன்னார்: "மைக்கிலே சொல்லிப்போட்டீங்க ஐயா. இனி அந்தப் பந்தல் பக்கம் போறவளை எல்லாம் சீக்காளின்னு ஊர் பேசும். கட்டிக்கொடுக்கப் பொண்ணு வீட்டிலே இருக்கு. இதுவோ கொழுந்து வெடிச்சுக் கிடக்கிற மாசம். ஒரு நாள் கூலியை விட்டுட்டு எவ வருவா?"

அவர் கூறியதில் நம் தவறுகள் அனைத்தும் அடங்கியிருந்தன. கொழுந்து மிகுந்த பருவத்தில் வேலைநாளைக் குறித்தோம். மறைவில்லாத இடத்தைத் தேர்ந்தோம். நோயின் பெயரைத் தெருவில் கூவினோம். இவற்றையெல்லாம் முடிவுசெய்த கூட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரைக்கூட அழைத்து வினவவில்லை. மறுமுறை வேலையில்லாத நாளில், துணை சுகாதார நிலையத்தின் உள்ளறையில், "மகளிர் உடல்நலச் சோதனை" என்ற பெயரில், சுயஉதவிக் குழுத் தலைவியர் வீடுவீடாகச் சென்று அழைக்க ஏற்பாடு செய்தோம். அன்று நண்பகலுக்குள் வாயிலில் வரிசை நின்றது.

ஆயினும் இரண்டாவது தவறு ஒன்று நம்மைக் காத்திருந்தது. அம்முகாமில் ஒரு பெண்மணிக்குக் கட்டி தட்டுப்பட்டது. பெரிய மருத்துவமனைக்குச் செல்லுமாறு சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. நாமும் முகாம் இனிது முடிந்ததாக அறிக்கை அனுப்பிவிட்டோம். மூன்று திங்கள் கழித்து, அவர் போகவேயில்லை என்று செவிலியர் தெரிவித்தார். வீட்டிற்குச் சென்றோம். சீட்டு பெட்டிக்குள் துணிகளின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கறவை மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எந்த வாயிலில் போய் யாரைக் கேட்பதென்று தெரியவில்லை. கணவரிடம் சொல்ல நா எழவில்லை. இவையே காரணங்கள். பின்னர்க் குழுத் தலைவி உடன்செல்ல, ஊசிமூலம் சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சையும் மருந்துச் சிகிச்சையும் பெற்று அவர் இன்று நலமாக இருக்கிறார். ஆனால் மருத்துவர் நம்மிடம் கூறிய சொல் மறக்கற்பாலதன்று: சீட்டு எழுதிய வாரத்திலேயே வந்திருந்தால் சிறிய சிகிச்சையே போதியிருக்கக்கூடும் என்றார். அந்த மூன்று திங்களும் நம் கணக்கில் எழுதப்படவேண்டியவை. கட்டியைக் கண்டுபிடிப்பதோடு பரிசோதனை முடிவதில்லை. கண்டவரைச் சிகிச்சையில் சேர்ப்பதோடுதான் முடிகிறது.

இம்மலையிலேயே உள்ள முன்மாதிரிகள்

ஊரார் கைகொடுத்தால் நலப்பணி எவ்வாறு வெற்றியுறும் என்பதற்கு நாம் வெளியூர் செல்லவேண்டியதில்லை. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்டக்காரர் சங்கமாகிய உபாசி, 1970களில் தோட்டத் தொழிலாளர் நலத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் லைன் வீடுகளில் வாழும் தொழிலாளருள் ஒருவரே சில குடும்பங்களுக்குத் தொடர்பாளராகி, தாய்சேய் நலச் செய்திகளைக் கொண்டுசென்றார். கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிக் கிராமங்களின் பெண்களையே பயிற்றுவித்து நலப் பணியாளராக்கியது. தம்முள் ஒருத்தி தம் மொழியில் வந்து சொல்லும்பொழுது அச்சம் விலகுகிறது. படுகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் எனப் பல்வகை மக்களும் வாழும் இம்மாவட்டத்தில் ஒரே ஒலிபெருக்கி எல்லோர்க்கும் பேசிவிட இயலாது.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. கிராம சுகாதார செவிலியரின் துணையுடன் ஊரிலுள்ள 30 வயது நிரம்பிய பெண்களின் பட்டியலைத் தயாரிக்கச் செய்க. 50 வயதைக் கடந்தோரை முதலில் அழைத்திடுக. பட்டியல் செவிலியரிடமே இருக்கட்டும். யாருக்கு என்ன கண்டது என்பது ஊர்ப்பேச்சு ஆகலாகாது.

2. முகாம் நாளை மருத்துவர் வசதியை மட்டும் கருதாது, பறிப்புப் பருவத்தையும் தோட்ட விடுமுறையையும் பார்த்துக் குறித்திடுக. தென்மேற்குப் பருவமழை மாதங்களைத் தவிர்த்திடுக.

3. தாழிடக்கூடிய அறை, திரை, வெந்நீர், பெண் பணியாளர் ஆகிய நான்கும் இல்லாத இடத்தில் முகாம் வேண்டாம்.

4. தோட்ட நிர்வாகத்தினரிடமும், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையிடமும் பேசி, பரிசோதனைக்குச் செல்லும் பெண் அன்றைய கூலியை இழவாதபடி வழி காண்க. அரை நாள் ஒதுக்கினும் போதும்.

5. மேல்பரிசோதனைக்கு அனுப்பப்படும் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு துணைவியைக் குறித்திடுக. கிண்ணக்கொரை போன்ற எல்லையூர்களிலிருந்து உதகைக்குச் சென்று வருவதென்றால் ஒரு நாள் முழுதும் கழிந்துவிடும். உடன்வர ஒருவர், வீட்டு மாட்டைப் பார்க்க ஒருவர், பேருந்துச் செலவுக்குச் சுயஉதவிக் குழுவின் கடன் ஆகியவை முன்னரே ஆயத்தமாக இருக்கவேண்டும்.

6. 2021இல் உலக சுகாதார நிறுவனம், மருத்துவரிடம் முதலில் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதிசெய்யப்படவேண்டும் என்று இலக்கு வகுத்தது. சீட்டு பெற்றவர் ஒவ்வொருவரும் அக்காலத்திற்குள் சென்றுவந்தாரா என்பதைச் செவிலியரிடம் திங்கள்தோறும் கேட்டறிக. பெயர் வேண்டாம்; எண்ணிக்கை போதும்.

7. மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்களுக்கு நோய் வருமுன்னரே அதனைப் பெற்றுத் தருக. நோயாளியை வைத்துக்கொண்டு வருமானச் சான்றுக்கு அலைவது கொடுமை.

குடும்பத்து ஆடவருக்கு

இவ்விதழைப் படிப்போருள் விவசாயிகளாகிய ஆடவரே மிகுதி. ஆதலின் அவர்களுக்கு ஒரு சொல். பெரும்பாலான இல்லங்களில் பெண்ணின் நோய்க்கு நாள் குறிப்பவர் ஆடவரே. மாடு தீனி எடுக்கவில்லையென்றால் அன்று மாலையே கால்நடை மருத்துவரைத் தேடிச் செல்லும் நாம், மனைவியும் தாயும் தம் உடலைப்பற்றி வாய்திறவாதிருப்பதைப் பொறுமை என்று புகழ்கிறோம். ஹெத்தை அம்மன் என்று மூதாட்டியைத் தெய்வமாக வணங்கும் மலை இது. அம்மலையில் மூதாட்டியர் மௌனமாக நோயைச் சுமப்பது பொருந்துமா? "நீ போய்வா, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கணவர் கூறும் ஒரு சொல், நாம் நடத்தும் பத்துக் கூட்டங்களைவிட வலிமை உடையது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பாதை, குழாய், தெருவிளக்கு ஆகியவற்றோடு இப்பொருளையும் ஊராட்சிப் பொறுப்பினர் விவாதத்திற்கு எடுத்துக்கொள்வார்களாக. அதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஒரு பட்டியலும், தாழிடும் அறையும், உடன்செல்ல ஒரு துணையும், சீட்டு என்னவாயிற்று என்று விடாது கேட்கும் பொறுப்பும் இருந்தால் போதும்.

விவாதத்திற்குரிய வினாக்கள்

1. நம் ஊராட்சியில் 30 வயது நிரம்பிய பெண்கள் எத்தனை பேர்? அவருள் பரிசோதனை செய்துகொண்டோர் எத்தனை பேர்?

2. நம் ஊரில் முகாம் நடத்த ஏற்ற மாதம் எது? ஏற்ற இடம் எது? இதனைப் பெண்களிடம் கேட்டறிந்தோமா?

3. சென்ற ஆண்டு மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டோருள் செல்லாதவர் எத்தனை பேர்? அவர்களைத் தடுத்தது எது?

4. நம் ஊரிலிருந்து மருத்துவமனை செல்லும் பெண்ணுக்குத் துணையாக வர இசையும் மகளிர் யாவர்?